கரையில் கிடக்கும் சாட்சி



இன்றைய கருத்துக்களம் கடலில் நிகழும் சாவுகளைப் பற்றியது. திமிங்கலங்களும் டால்பின்களும் செத்துக் கரை ஒதுங்குகின்றனவே, அதைப் பற்றியது. "அரிசி விலை, பெட்ரோல் விலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று ஆயிரம் கவலை இருக்கும்போது, டால்பின் செத்தால் என்ன, இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு காட்சியைப் பார்ப்போம்.

விடிந்தும் விடியாத நேரம். பினாங்கில் ஏதோ ஒரு கடற்கரை. வடக்கே தஞ்சோங் பூங்காவாக இருக்கலாம், தெற்கே தெலுக் கும்பாராகவும் இருக்கலாம். காலை நடைக்கு வந்த ஒருவர், அலை ஓரத்தில் கறுப்பாக எதையோ பார்க்கிறார். மரக்கட்டை என்று நினைத்துக் கிட்டே போகிறார். கட்டை இல்லை, டால்பின். உயிர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். ஒருவர் "பாவம்" என்கிறார். இன்னொருவர் "நாற்றம் தாங்கவில்லை, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார். வெயில் ஏறுவதற்குள் மண்வாரி வருகிறது. குழி தோண்டி மூடிவிடுகிறார்கள். மாலையில் அதே மணலில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது ஏன் செத்தது?

ஒரு மனிதர் இப்படிக் கிடந்திருந்தால் காவல்துறை வரும், மருத்துவர் வருவார், விசாரணை நடக்கும். இங்கே சாட்சியே கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சாட்சியிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் புதைத்து விடுகிறார்கள். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான்: புதைப்பதற்கு முன் கேளுங்கள்.

நம் கடலில் யார் இருக்கிறார்கள்?

மலாக்கா நீரிணை என்றதும் பலருக்குக் கப்பல்தான் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து போகும் வழி அது. ஆனால் அந்தக் கப்பல்களுக்கு வெகு காலம் முன்பே அங்கே குடியிருப்பவர்கள் உண்டு.

கரையோரத்தில் முக்கியமாக மூன்று இனங்கள். முதலாவது கூன்முதுகு டால்பின். குட்டியாக இருக்கும்போது சாம்பல் நிறம். வளர வளர நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். இரண்டாவது ஐராவதி டால்பின். இதற்கு நீண்ட மூக்கு கிடையாது, உருண்டைத் தலை, சிரித்த முகம். பர்மாவின் ஐராவதி ஆற்றின் பெயர் இதற்கு வந்துவிட்டது. மூன்றாவது, முதுகில் துடுப்பே இல்லாத கடற்பன்றி. கூச்ச சுபாவம் உள்ளது. துள்ளிக் குதிக்காது, சத்தமில்லாமல் மூச்சு விட்டுவிட்டு மறைந்துவிடும். கடலிலேயே பிழைப்பு நடத்துபவர்கள்கூட இதை அரிதாகத்தான் பார்ப்பார்கள்.

இவை மூன்றும் ஆழ்கடலுக்குப் போவதில்லை. சேறும் சதுப்பும் கலந்த ஆற்று முகத்துவாரங்கள், அலையாத்திக் காடுகளை ஒட்டிய ஆழமில்லாத நீர், இவைதான் அவற்றின் வீடு. மீனும் இறாலும் அங்கேதான் கிடைக்கும். மீனவர் வலை விரிப்பதும் அங்கேதான். துறைமுகம் கட்டுவதும், கடலைத் தூர்த்து நிலம் ஆக்குவதும் அங்கேதான். ஒரே வீட்டுக்கு மூன்று குடித்தனம் என்றால் சண்டை வராமல் இருக்குமா?

பெரிய திமிங்கலங்களும் இந்த வழியாக வந்து போனது உண்டு. 1892-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாக்காவுக்கு அருகே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கியது. நீளம் சுமார் 13 மீட்டர். அதன் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்கியது. பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்தார்கள். 1974-இல் அது மலேசியாவுக்கு அன்பளிப்பாக வந்தது. பிற்பாடு லாபுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அதை வேறொரு இனம் என்று நினைத்தார்கள். நீலத் திமிங்கலம் என்பது பிறகுதான் தெரிந்தது. உலகிலேயே பெரிய உயிரினம், அதுவும் வளர்ந்து முடியாத ஒரு குட்டி, நம் நீரிணையில் இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. ஏன்? 1892-இல் யாரோ அதை உடனே புதைக்காமல், எலும்பை எடுத்து வைத்தார்கள்.

மணப்பாட்டில் நடந்தது

இங்கிருந்து கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஒரு நிமிடம் போய் வருவோம். திருச்செந்தூர் முருகன் கோயில் தெரியாத தமிழர் யார்? அதற்குத் தெற்கே சில மைல் தொலைவில் மணப்பாடு என்ற மீனவ ஊர். 2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி, பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, அந்தக் கரையில் பைலட் திமிங்கலங்கள் வந்து ஒதுங்க ஆரம்பித்தன. ஒன்று இரண்டு இல்லை, 80-க்கும் மேல். பெயரில்தான் திமிங்கலம். உண்மையில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய உயிர்.

ஊர் மீனவர்கள் சும்மா நிற்கவில்லை. படகில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டுவிட்டுத் திரும்பினால், அவையும் பின்னாலேயே கரைக்குத் திரும்பி வந்தன. மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. 45-க்குக் குறையாமல் செத்தன. கடைசியில் கரையிலேயே பெரிய குழிகள் தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

ஏன் அப்படித் திரும்பி வந்தன? பைலட் திமிங்கலங்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்பவை. தாய், பிள்ளை, பாட்டி என்று சேர்ந்தே நீந்தும். ஒன்றுக்கு நோய் கண்டோ, திசை தவறியோ கரைக்கு வந்துவிட்டால் மற்றவை அதை விட்டுவிட்டுப் போகாது. சரிவு குறைந்த மணற்கரையில் அவற்றின் ஒலி சரியாக எதிரொலிக்காது, அதனால் கரை இருப்பது தெரியாமல் போகிறது என்பதும் அறிஞர்கள் சொல்லும் ஒரு காரணம். மணப்பாட்டில் முதலில் வழி தவறியது எது, ஏன் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

ஆனால் ஒரு விஷயம் தெரிந்தது. இது அந்தக் கரைக்குப் புதிதில்லை. 1973-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அதே பகுதியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அன்று கடல் மீன் ஆராய்ச்சியாளர்கள் கரைக்குப் போய் எண்ணினார்கள், எழுதி வைத்தார்கள். அதனால்தான் 43 ஆண்டு கழித்து, "அதே மாதம், அதே கரை" என்று சொல்ல முடிந்தது. எழுதி வைக்காமல் போயிருந்தால், 2016-இல் நடந்தது ஏதோ தெய்வக் குற்றம் என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறைக் கரையிலும் ஏறக்குறைய 120 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. கோவிட் ஊரடங்கு நேரம். கடற்படையினரும் கடலோரக் காவலரும் ஊர் மக்களும் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று தள்ளினார்கள். இறந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே. மற்றவை கடலுக்குத் திரும்பின.

ஒன்றொன்றாகப் போகும் உயிர்

மணப்பாடு, பாணந்துறை போன்றவை தலைப்புச் செய்தியாகின்றன. நூறு திமிங்கலம் ஒரே நாளில் ஒதுங்கினால் உலகமே பார்க்கும். ஆனால் உலகக் கடல்களில் அதிகமான டால்பின்கள் சாவது அப்படி இல்லை. ஒன்றொன்றாக, யாரும் பார்க்காமல், வலையில் சிக்கிச் சாகின்றன. ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்களும் டால்பின்களும் கடற்பன்றிகளும் இப்படிப் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்காக விரிக்கும் செவுள் வலைகளில் மட்டும் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் சிறிய திமிங்கல, டால்பின் இனங்கள் இறந்திருக்கும் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

டால்பின் மீன் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது பால் கொடுக்கும், காற்றைச் சுவாசிக்கும். தலை உச்சியில் இருக்கும் துளைதான் அதன் மூக்கு. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். செவுள் வலையின் நைலான் இழை மிக மெல்லியது. டால்பின் அனுப்பும் ஒலி அதில் பட்டுத் திரும்புவது மிகக் குறைவு. கலங்கிய நீரில் கண்ணுக்கும் தெரியாது. வலையில் துடிக்கும் மீனைப் பிடிக்கப் போகிறது. மூக்கோ துடுப்போ மாட்டிக்கொள்கிறது. திமிறத் திமிறச் சுற்றிக்கொள்கிறது. மேலே வர முடியவில்லை. கடலிலேயே பிறந்த உயிர், கடலிலேயே மூச்சு முட்டிச் சாகிறது.

ஒன்றிரண்டு போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். டால்பின் ஒரு பிரசவத்தில் ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். 100 டால்பின் உள்ள ஓர் இடத்தில் மனிதரால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ செத்தாலே அந்தக் கூட்டம் தேயத் தொடங்கிவிடும் என்பது அறிஞர்கள் பொதுவாக வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு. ஆகவே கரையில் கிடப்பது ஒரே ஒரு டால்பின் என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இன்னொன்று. கரைக்கு வருவது எல்லாம் இல்லை. பெரும்பாலானவை கடலிலேயே மூழ்கும், சுறா தின்னும், அழுகிப் போகும். மெக்சிகோ வளைகுடாவில் செய்த ஓர் ஆய்வில், செத்தவற்றில் சராசரியாக 2 விழுக்காடுதான் கரையில் கண்டெடுக்கப்படுகின்றன என்று தெரிந்தது. நம் கடல் வேறு, நீரோட்டம் வேறு, அதே கணக்கு இங்கே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கரையில் ஒன்று கிடந்தால், கண்ணில் படாமல் போனவை வேறு உண்டு என்பது மட்டும் நிச்சயம்.

அண்டை வீட்டுப் பாடம்

பினாங்கு மக்களுக்கு ஹட்யாய் பழக்கமான ஊர். பள்ளி விடுமுறை என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சொங்க்லா ஏரி. அந்த ஏரியில் ஐராவதி டால்பின்கள் ஒரு காலத்தில் கூட்டமாக இருந்தன. பெரிய கெளுத்தி மீனுக்காக விரித்த வலைகளில் சிக்கிச் சிக்கிக் குறைந்தன. சில ஆண்டுகளுக்கு முன் எண்ணியபோது 14 மட்டும் மிஞ்சியிருந்ததாகச் சொன்னார்கள். பதினான்கு! ஒரு வேனில் ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை.

அதே சொங்க்லாவில்தான் 2018-இல் ஒரு பைலட் திமிங்கலம் கால்வாய்க்குள் வந்து தவித்தது. காப்பாற்ற முயன்றபோதே நெகிழிப் பைகளை வாந்தி எடுத்தது. செத்த பிறகு வயிற்றைத் திறந்தால் 80 பைகள், எடை 8 கிலோ. வயிறு நிறைந்திருந்தது, ஆனால் பட்டினி. அங்கே அதை அறுத்துப் பார்த்தார்கள், அதனால் உலகத்துக்குத் தெரிந்தது. அப்படியே புதைத்திருந்தால் "வயதாகிச் செத்திருக்கும்" என்று முடிந்திருக்கும்.

சீனாவின் யாங்சி ஆற்றில் பைஜி என்ற டால்பின் இருந்தது. 2006-இல் ஆறு வாரம் ஆறு முழுக்கத் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மெக்சிகோவில் வாகீட்டா என்ற கடற்பன்றி இன்று பத்துப் பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்கும் எமன் செவுள் வலைதான்.

இறந்தாலும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். திமிங்கலத்துக்கும் அது பொருந்தும். சிங்கப்பூரில் 2015 ஜூலை 10-ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே ஒரு பெண் எண்ணெய்த் திமிங்கலம் செத்து மிதந்தது. நீளம் 10.6 மீட்டர். சிங்கப்பூர்க் கடலில் அந்த இனம் பதிவானது அதுவே முதல்முறை. லீ கோங் சியான் அருங்காட்சியகத்தினர் அந்த நாற்றத்திலேயே நாள் கணக்கில் நின்று அறுத்தார்கள், சுத்தம் செய்தார்கள். முதுகில் கப்பல் மோதிய பெரிய காயம் இருந்தது. வயிற்றில் 1,800-க்கும் மேற்பட்ட கணவாய் மூக்குகள் இருந்தன, நெகிழிக் குப்பையும் இருந்தது. என்ன தின்றது, எப்படிச் செத்தது என்று ஒரு முழு வாழ்க்கை வரலாறே கிடைத்தது. இன்று அந்த எலும்புக்கூட்டைப் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளையும் கப்பல் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

எண்ணி வைப்பது வெறும் படிப்பாளிகளின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நீதிமன்றத்திலும் மதிப்பு உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் மாதம் மூழ்கியது. ரசாயனமும் டன் கணக்கில் நெகிழி மணிகளும் கடலில் கலந்தன. ஆமைகளும் டால்பின்களும் கரைக்கு வரத் தொடங்கின. இலங்கையில் அவற்றை எண்ணினார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 417 ஆமைகள், 48 டால்பின்கள், 8 திமிங்கலங்கள் என்று கணக்குச் சொல்லியே பேசியது. 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் மீனவர்களின் பிழைப்பும் அடக்கம். கரையில் கிடந்த உடல்களை எண்ணாமல் புதைத்திருந்தால், நீதிமன்றத்தில் எதைக் காட்டியிருப்பார்கள்?

நம் நீரிணையிலும் கப்பல்கள் ஏராளம். நாளைக்கு அப்படி ஒரு விபத்து நடந்தால், "வழக்கமாக ஆண்டுக்கு இத்தனைதான் சாகும், இந்த ஆண்டு இத்தனை செத்தன" என்று சொல்ல முந்தைய கணக்கு வேண்டாமா?

பினாங்கின் தெற்குக் கரையில் 2023 செப்டம்பரில் கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும் வேலை தொடங்கியது. அதை ஆதரிப்பவர்கள் உண்டு, எதிர்ப்பவர்கள் உண்டு. அந்த வழக்கு வேறு. ஆனால் டால்பினுக்குக் கெடுதல் என்று சொல்கிறவருக்கும், கெடுதல் இல்லை என்று சொல்கிறவருக்கும் ஒன்று தேவை. முன்பு எத்தனை இருந்தன, எத்தனை செத்தன, இப்போது எத்தனை என்ற கணக்கு. கணக்கு இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவர் பேச்சுத்தான் எடுபடும்.

மீனவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

இங்கேதான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும். வலை, வலை என்று சொல்லும்போது நேயர்கள் மனதில் மீனவர் மேல் கோபம் வரலாம். அது தவறு.

சின்னப் படகு வைத்திருக்கும் ஒரு மீனவரை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்க்குக் கடன், வலைக்குக் கடன். விடிகாலை வலையை இழுக்கிறார். கனமாக இருக்கிறது, நல்ல பாடு என்று மனம் மகிழ்கிறது. மேலே வந்தால் செத்த டால்பின். வலை கிழிந்துவிட்டது. அன்றைய மீன் போச்சு. டால்பின் பாதுகாக்கப்பட்ட உயிர், அதைப் பிடித்தால் தண்டனை என்று மட்டும் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கரைக்குக் கொண்டு வந்தால் பிடித்துவிடுவார்களோ என்று பயம். என்ன செய்வார்? மாட்டிய துடுப்பைக் கத்தியால் வெட்டி, உடலைக் கடலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். யாரிடமும் சொல்ல மாட்டார். அவர் இடத்தில் நின்று பார்த்தால் அந்தப் பயம் புரியும்.

ஆனால் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடற்பாலூட்டிகளையும் ஆமைகளையும் வேட்டையாடக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது. அது முதல் பகுதி. அடுத்த பகுதி பலருக்குத் தெரியாது. மீன் பிடிக்கும்போது தவிர்க்க முடியாமல் சிக்கிவிட்டால், உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். செத்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், அவர் சொல்கிறபடி அதை அப்புறப்படுத்த வேண்டும். வேண்டுமென்று பிடித்தவரையும், தெரியாமல் வலையில் வந்தவரையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கவில்லை. தெரியாமல் நடந்தால் வந்து சொல் என்றுதான் கேட்கிறது.

அந்த இரண்டாம் பகுதி மீனவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், படகுத் துறைகளில், காப்பிக் கடைகளில், பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் சொல்ல வேண்டும். சொல்ல வந்த மீனவரை முதல் நாளே மிரட்டினால் இரண்டாவது மீனவர் வர மாட்டார். வாய் மூடிக்கொள்வார். வாய் மூடினால் கணக்கு போச்சு. கணக்கு போனால் டால்பினும் போச்சு.

மீனவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. டால்பின் கூட்டம் கண்ணில் படும்போது வலை விடாமல் சற்றுப் பொறுப்பது, வலையை விரித்துவிட்டு வெகுநேரம் தனியே விட்டுப் போகாமல் இருப்பது, கிழிந்த வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வருவது. பெரு நாட்டில் செவுள் வலையில் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் கட்டிப் பார்த்தபோது டால்பினும் ஆமையும் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. இங்கே அது பயன்படுமா என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கான செலவை ஏழை மீனவர் தலையில் கட்டக்கூடாது.

யார் செய்வது?

நம் நாட்டில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2010 முதல் லங்காவிக் கடலில் டால்பின்களை ஆராய்ந்து வருகிறவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். 2012-இல் மாரேசெட் என்ற அமைப்பை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அந்த அமைப்பினர் பேராக்கின் மாத்தாங் சதுப்புக் காட்டுக் கடலிலும் படகில் போய்த் துடுப்புகளைப் படம் எடுத்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு டால்பினின் முதுகுத் துடுப்பிலும் வெட்டும் தழும்பும் வேறு வேறாக இருக்கும். அதுதான் அதன் அடையாள அட்டை. பினாங்கில் பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. தெலுக் பாஹாங் பக்கம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அறிஞர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நடுவில் விட்டுப் போன கண்ணி ஒன்றுதான். கரையில் முதலில் பார்க்கிறவர். அதாவது நீங்கள்.

செத்த டால்பினைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? கையால் தொடாதீர்கள், நோய் தொற்றக்கூடும். பிள்ளைகளை மேலே உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு செருப்பையோ குடையையோ வைத்து, முழு உடலும் தெரியப் படம் எடுங்கள். செருப்பு வைத்தால் நீளம் எவ்வளவு என்று கணக்கிடலாம். பிறகு தலை, வாய், துடுப்பு, வால் என்று கிட்டே எடுங்கள். மூக்கைச் சுற்றி நூல் இறுக்கிய கோடு இருக்கிறதா, துடுப்பு வெட்டுப்பட்டிருக்கிறதா, முதுகில் ஆழமான காயம் இருக்கிறதா என்று பாருங்கள். நூல் கோடு இருந்தால் வலை. நீளமான வெட்டுக்காயம் என்றால் படகு விசிறியாக இருக்கலாம். நாள், நேரம், இடம் குறித்துக்கொள்ளுங்கள். உடனே மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். நம் வெயிலில் ஒரு நாள் தாமதித்தாலும் உடல் ஊதி, அழுகி, அடையாளம் போய்விடும். புதைக்க வந்த ஊழியரிடமும் பணிவாகச் சொல்லுங்கள்: "ஐயா, படம் எடுத்துத் தகவல் சொல்லும் வரை கொஞ்சம் பொறுங்கள்."

உயிரோடு இருந்தால்? வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், எலும்பு முறியும். தலை உச்சியில் உள்ள மூச்சுத் துளையில் மண்ணோ தண்ணீரோ போகாமல் பாருங்கள். ஈரத் துணி போட்டு மூடுங்கள், துளையை மட்டும் மூடாதீர்கள். நிழல் கொடுங்கள். கூட்டத்தை விலக்குங்கள், சத்தம் வேண்டாம். விவரம் தெரிந்தவர் வரும் வரை அவசரப்பட்டுக் கடலுக்குத் தள்ள வேண்டாம். மணப்பாட்டில் தள்ளியவை திரும்பி வந்ததை மறக்க வேண்டாம்.

முதலில் மனதில் வைக்கச் சொன்ன கேள்வி ஞாபகம் இருக்கிறதா? டால்பின் செத்தால் என்ன? டால்பின் தின்னும் மீன் எதுவோ, ஏறக்குறைய அதே மீன்தான் ஏர் ஈத்தாம் சந்தையிலும் சவ்ராஸ்தா சந்தையிலும் விலைக்கு வருகிறது. டால்பின் குடிக்கும் நஞ்சு எதுவோ, அதுதான் அந்த மீனின் உடம்பிலும் சேர்கிறது. அது வயிற்றில் சுமந்த நெகிழி, இங்கே ஒரு சாக்கடையில் யாரோ போட்ட பையாக இருந்திருக்கலாம். நாளைக்கு நம் வீட்டுத் தட்டுக்கு வரப்போகும் செய்தியை இன்றைக்கே கரையில் கொண்டு வந்து போடுகிறது அந்த உயிர். செய்தி கொண்டு வந்தவரை விசாரிக்காமல் புதைத்துவிட்டு, பிற்பாடு ஒன்றும் தெரியாது என்று கையை விரிக்க முடியுமா?

எந்த இறப்பையும் முழுக்கத் தடுக்க முடியாது. கடலில் மூப்பு உண்டு, நோய் உண்டு, அது இயற்கை. ஆனால் செத்ததை எண்ணுவதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு கைப்பேசி, ஒரு செருப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து நிமிடப் பொறுமை. இவ்வளவுதான்.

அடுத்த முறை கடற்கரையில் கறுப்பாக ஏதாவது கிடந்தால், மண்வாரி வருவதற்கு முன் அதன் அருகே கொஞ்சம் நில்லுங்கள். அது எதையோ சொல்ல வந்திருக்கிறது. கேட்டுவிட்டுப் புதையுங்கள்.